பதினேழாவது படியில் சுவர்

பதினேழாவது படியில் நின்று சுவரைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டுகிறார்கள் என்பதுதான் முதலில் கிளம்பிய வதந்தி.

வீடு விற்கும் இணையதளம் ஒன்றில் அந்த வீட்டின் படம் வந்த நாலாம் நாள் இது கிளம்பியது. படத்தில் ஒரு மாடிப்படி இருக்கிறது. தேக்குக் கைப்பிடி, வழவழவென்று கல். கல்யாண மண்டபத்துப் படி மாதிரி கம்பீரமாக ஏறி, ஏறிய வேகத்தில் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே கதவு இல்லை, மாடியும் இல்லை. வீடு வாங்கும் யோசனையே இல்லாதவர்கள்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சம்பந்திக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு விளக்கம். சுவருக்குப் பின்னால் நகைப்பெட்டி இருக்கிறது என்றார்கள் கடனில் இருப்பவர்கள். மருமகள் ஒருத்தியை உள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள் என்றார்கள் மாமியார்கள், கொஞ்சம் ஏக்கத்தோடு. படமே கம்ப்யூட்டரில் செய்தது என்றார்கள் எதையும் நம்பாத அறிவாளிகள்.

நேரில் போய் விசாரித்ததில் தெரிந்தது இதுதான். படம் பொய்யில்லை. படிகள் பதினேழு, ஏறி எண்ணியாயிற்று. தட்டினால் பதில் வருவதும் உண்மை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேலைக்குப் போய்விடுவார்.

அந்தப் பக்கம் இருப்பவை ஓர் இரும்புக் கட்டில், ஒரு டேபிள் ஃபேன், துணி காயப்போடும் கொடி ஒன்று, நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவர். வீட்டை விற்பனைக்குப் போட்டவரின் கூடப்பிறந்த தங்கை. விளம்பரத்தை எழுதியவரும் அவரேதான்.

அலுவலகத்தில் அவருக்கு மெருகக்கா என்று பெயர். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், ரப்பர் வாசனைக்கு நடுவே ஆறு மேஜை போட்ட அலுவலகம். வீட்டுச் சொந்தக்காரர்கள் படிவம் நிரப்பி அனுப்புவார்கள், கேமராக்காரர் போய்ப் படம் எடுத்து வருவார், இரண்டையும் வைத்துக்கொண்டு நாலு வரி எழுத வேண்டியது மெருகக்காவின் வேலை. பதினெட்டு வருடமாக எழுதுகிறார். இத்தனை வருடத்தில் அவருக்கென்று தனி அகராதியே உருவாகிவிட்டது. சின்ன வீடு என்று எழுத மாட்டார், அடக்கமான வீடு. இருட்டு அறை அவர் கையில் வெயில் தொந்தரவு இல்லாத அறையாகிவிடும். பஸ் டிப்போ பக்கத்திலிருந்தால் போக்குவரத்து கூப்பிடு தூரத்தில். மழைக்கு ஒழுகும் வீட்டை ஒருமுறை இயற்கையோடு இணைந்த வீடு என்று எழுதினார். மேனேஜர் அதை மட்டும் அடித்துவிட்டார்.

மேனேஜருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "மறைக்கலாம்மா. பொய் சொல்லக் கூடாது." பொய் சொல்லி ஒருமுறை கோர்ட்டுக்குப் போய் வந்தவர் அவர்.

கோணல் வீடுகளெல்லாம் மெருகக்காவுக்குத்தான் வரும். படுக்கையறை மூலையில், மூன்று படி வைத்த மேடைமேல், கதவே இல்லாமல் கக்கூஸ் கட்டிய வீடு வந்தது. சற்றே உயர்ந்த இடத்தில், அறையைப் பார்த்தபடி அமரும் வசதி என்று எழுதினார். ஹாலில் நீச்சல் குளம் வெட்டி, மனைவி திட்டியதும் மேலே பலகை போட்டு மூடி, அதன்மேல் சோபா போட்டிருந்த வீடு வந்தது. கோடையிலும் குளிர்ந்த தரை என்றார். ஒருநாள் கேமராக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, இந்த வீட்டுல குளிக்கிற ரூமுக்கு நட்ட நடுவுல ஒரு தூணு. குளிக்கணும்னா தூணச் சுத்தித்தான் வரணும்."

"எத்தன சுத்து?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. இத யாரு வாங்குவா?"

வழுக்கும் என்ற பயமில்லை, நடுவே பிடித்துக்கொள்ள உறுதியான தூண் என்று எழுதினார் அக்கா. வயதான தம்பதி ஒன்று அந்த மாதமே வாங்கிக்கொண்டு போனது.

ஊரார் வீட்டுக் குறைகளை இப்படி வரிவரியாகத் தடவிப் பார்த்தவர், தன் வீட்டுப் பத்திரத்தை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வேறு யாராவது செய்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அப்பா கட்டிய வீடு அது. அப்பா நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொண்டது தங்கை. அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, தரையைத்தான் பார்ப்பார், எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று. அப்பா இறந்த மாதமே அண்ணன் அளக்கும் டேப்போடு வந்துவிட்டார். சரிபாதி என்று முடிவானது. மாடியில் இருப்பது ஒரே அறை. அண்ணிக்கு மாடி வெக்கை ஆகாது. அதனால் அந்த அறை தங்கைக்கு. அதன் பரப்பளவு அவர் பங்கில் சேர்ந்துவிட்டதால், கீழே அவருக்கு வந்தது ஒரு சமையலறை, ஒரு குளியலறை, கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒரு நீளத் துண்டு. மீதியெல்லாம் அண்ணனுக்கு. நடுவே சுவர் எழும்பியபோது மாடிப்படி ஒன்பது அங்குல வித்தியாசத்தில் அண்ணன் பக்கம் போயிற்று.

"படி உங்க பக்கம் வருதேண்ணா," என்றார் தங்கை.

"வரட்டுமே. நீ பாட்டுக்கு ஏறி இறங்கு. உன்ன யாரு கேக்கப் போறா? கையெழுத்துப் போடு."

போட்டார். ஆறு மாதம் ஏறி இறங்கினார். அப்புறம் அண்ணியின் குரல் மாறியது. முதலில் பாத்திரம் கொஞ்சம் ஓங்கி வைக்கப்பட்டது. அடுத்து, "நாங்க ஒரு பக்கமாச் சாப்பிட உக்காந்தா, குறுக்க ஒரு ஆளு போய்ட்டு வந்தா எப்படி?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மெருகக்கா வேலை முடிந்து வந்து பதினேழு படியும் ஏறினார். மேலே, கதவு இருந்த இடத்தில் செங்கல். கையை வைத்துப் பார்த்தார். சிமெண்ட் ஈரமாக இருந்தது. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"உனக்காக நாள் பூராவும் கதவத் திறந்தே வச்சிருக்க முடியுமா?"

"நீதானேண்ணா ஏறி இறங்குன்னு சொன்ன?"

"சொன்னேன். பத்திரத்துல எழுதலையே."

வக்கீலும் அதையேதான் சொன்னார், காசு வாங்கிக்கொண்டு. கொத்தனார் வந்து அளந்து பார்த்தார். "உங்க பக்கம் படி வைக்கணும்னா அடுப்பத் தெருவுலதான் வைக்கணும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே மாட்டிக்கொண்ட கட்டில், துணிமணி, சான்றிதழ் எல்லாம் மேலேயே இருந்தன. மறுநாள் காலை மெருகக்கா தெருமுனைப் பெயிண்டர் வீட்டுக்குப் போய் நின்றார்.

"ஏணி ஒண்ணு வேணும். ரெண்டு நாள்ல தந்துடறேன்."

பெயிண்டர் அப்போதுதான் புது அலுமினிய ஏணி வாங்கியிருந்தார். வாங்கிய பெருமையில் பக்கக் கம்பியில் தன் முதலெழுத்தைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார். பதினாறு கம்பி. அக்கா வீட்டுப் பின்பக்கம் தானே கொண்டுவந்து சாத்தினார். ஜன்னல் கம்பியைக் கழற்றியும் கொடுத்தார். அன்றிலிருந்து ஏழு வருடமாக ஜன்னல்தான் வாசல்.

"படின்னா பதினேழு, ஏணின்னா பதினாறு. ஒண்ணு லாபம்தானே," என்பார் மெருகக்கா, கேட்பவர்களிடம். மழைக்காலத்தில் கேட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டார். செருப்பைக் கழற்றி அடிக்கம்பியில் மாட்டிவிட்டு, பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஏறுவார். ஏணியில் செருப்புத் தொங்கினால் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று தெருவுக்கே அடையாளம். போன வருடத்திலிருந்து பத்தாவது கம்பியில் நின்று ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இடது முட்டி கேட்கவில்லை.

பெயிண்டர் மாதம் ஒருமுறை வருவார்.

"அக்கா, ஏணி."

"ரெண்டு நாள்ல."

"ஏணிக்கு வாடக போட்டிருந்தா இந்நேரம் அந்த மாடி எம் பேருல இருக்கும்க்கா."

"எடுத்துக்க. ஆனா எப்படி ஏறுவ?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார், யாரிடமாவது மூங்கில் ஏணி இரவல் வாங்க.

சுவருக்கு மறுபக்கம், அண்ணன் வீட்டில், படி ஷெல்ஃப் ஆகிவிட்டது. கீழ்ப் படிகளில் செருப்பு, நடுவே டைல்ஸ் மாதிரிகள், எட்டாவதில் ஓடாத மிக்ஸி. அதற்கு மேலே தூசி மட்டும், எதற்கும் அவ்வளவு தூரம் யாரும் ஏறுவதில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்தப் படிவம் மெருகக்காவின் மேஜைக்கு வந்தது. அண்ணன் மகன் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டான், அப்பா அம்மாவைக் கூப்பிடுகிறான், வீட்டை விற்க வேண்டும். தங்கை ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்ற அளவில்தான் அண்ணனுக்குத் தெரியும். என்ன ஆபீஸ் என்று அவர் கேட்டதே இல்லை. மூன்று அறை, ஒரு ஹால், உள்ளேயே தேக்குக் கைப்பிடி வைத்த மாடிப்படி என்று நிரப்பியிருந்தார். வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டிய குறைகள் என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தார், ஒன்றுமில்லை என்று.

கேமராக்காரரின் படமும் வந்தது. தொழில் தெரிந்தவர், படியைக் கீழேயிருந்து எடுத்து, சுவர் வருகிற இடத்தில் வெட்டிவிட்டார். பார்த்தால் சொர்க்கத்துக்கே போகிற மாதிரி இருந்தது.

"மறுபடியும் ஒருநட போய்ட்டு வாங்க," என்றார் மெருகக்கா. "கடைசிப் படியில நின்னு ஒண்ணு எடுங்க. நேரா."

"நேரா சுவருதான்க்கா இருக்கு."

"அதத்தான் எடுங்க."

அன்று மேனேஜர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மெருகக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அகராதியை மூடிவைத்துவிட்டு எழுதினார்.

"மூன்று அறை, ஒரு ஹால், ஒரு மாடிப்படி. படிகள் பதினேழு. பதினேழாவது படியில் சுவர். மாடி இல்லை. மாடி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் படி இல்லை. ஏறலாம், இறங்கலாம், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய கவலை இல்லை. வீட்டுக்காரர்கள் மிகுந்த உபசரிப்பு உள்ளவர்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கதவு நாள் முழுவதும் திறந்தே இருக்கும்."

கடைசி வரியையும் எழுதி, தளத்தில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஏழு வருடத்துத் தாகம். ஒரு டம்ளர் போதவில்லை.

மேனேஜர் கண்ணில் சொட்டு மருந்தோடு திரும்பியபோது அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை, தளத்தில் இருந்த மற்ற எல்லா வீடுகளையும் சேர்த்தாலும் வராத அளவுக்கு ஏறியிருந்தது. அவர் ஒரு கண்ணால் எண்ணைப் பார்த்தார், மறு கண்ணால் மெருகக்காவைப் பார்த்தார். "பொய் ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

ஜனம் வந்தது. வீடு வாங்க வந்தவர்கள் பத்துக்கு ஒருவர், மற்றவர்கள் படி ஏற வந்தவர்கள். குடும்பத்தோடு வந்தார்கள். பதினேழாவது படியில் நின்று சுவரில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி சாப்பிடத் தட்டு வைத்தால் குறுக்கே நாலு பேர் போனார்கள். "நீங்க சாப்பிடுங்கம்மா, நாங்க மேல பாத்துட்டு வந்துடறோம்," என்று அனுமதியும் கொடுத்தார்கள். ஒருவர் எட்டாவது படியில் கிடந்த மிக்ஸியைக் காட்டி, "இதும் வெலையில சேத்தியா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மெருகக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். சுவரில் டொக் டொக் என்று கேட்டது. "உள்ள காலியாத்தான் இருக்கும் போல," என்றது ஓர் ஆண் குரல். மெருகக்கா எழுந்து போய், விரலை மடக்கி, அதே தாளத்தில் இரண்டு முறை திருப்பித் தட்டினார். அந்தப் பக்கம் ஒரு குடும்பமே பதினேழு படியையும் இரண்டே எட்டில் இறங்கிய சத்தம் வந்தது. அன்று சாயங்காலம்தான் வதந்தி கிளம்பியது. அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு மடங்கு கூட்டம்.

பத்தாம் நாள் அண்ணன், விளம்பரம் எழுதியவனை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காக மூன்று மாடி ஏறி அலுவலகத்துக்கு வந்தார். மூச்சிரைக்க, "எவன்யா இத எழுதினது?" என்றார். ஆறு மேஜையும் திரும்பி ஒரு மேஜையைப் பார்த்தது.

"உக்காருண்ணா," என்றார் மெருகக்கா. "படி அதிகமா? தண்ணி குடிக்கிறியா?"

அண்ணன் உட்காரவில்லை. "நீயா?"

"நாந்தான்."

"கூடப்பொறந்தவன ஊரு சிரிக்க வச்சுட்டியே. எடுத்துடு அத. இப்பவே."

"எடுத்துடறேன். பொய் இருந்தாத்தான் எடுக்க முடியும், அது எங்க ஆபீஸ் சட்டம். எந்த வரி பொய்னு காட்டு."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளம்பரத்தை முதலிலிருந்து படித்தார். இரண்டு முறை படித்தார்.

"உபசரிப்பு உள்ளவங்கன்னு போட்டிருக்க."

"ஆமா, அது ஒண்ணு பொய்தான். எடுத்துடவா?"

கேமராக்காரர் அவசரமாக வெளியே போனார். சிரிப்பை வராந்தாவில்தான் சிரிக்க முடிந்தது.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

"பத்திரத்துல ஒரு வரி. படி வழியா மாடிக்குப் போக எனக்குப் பாத்தியதை உண்டுன்னு. அப்புறம் அந்தச் செங்கல்ல ஒரு ஆள் நுழையற அளவுக்கு எடுத்துவிடு. நாளைக்கே நல்ல வார்த்தையா எழுதித் தர்றேன், நீயே வீட்ட விக்க மனசு வராம திரும்ப வாங்கிப்ப."

"என் உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது."

"சரிண்ணா. அது வரைக்கும் கதவு தொறந்திருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. செடி வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர். வேடிக்கைக் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு முறை வந்து போயிருக்கிறார். கையில் குச்சி வைத்துப் படி அகலத்தை அளந்திருக்கிறார். அண்ணி அவரையும் வேடிக்கை பார்க்க வந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"வீடு எனக்கு ரெண்டாம் பட்சம்மா," என்றார் செடியம்மா. "அந்தப் படிமேல முன் ஜன்னல் வெயில் எப்படி விழுது பாத்தீங்களா? படிக்கு எட்டுத் தொட்டி வச்சா கீழ இருந்து மேல வரைக்கும் பூவா நிக்கும். நான் தேடாத எடம் இல்ல. கேக்கற வெலையக் குடுத்துடறேன். புதன்கிழம முன்பணத்தோட வர்றேன். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, படிக்காகத்தான்னு தெரிஞ்சா ஏத்திடுவாரு."

மெருகக்காவுக்குக் கேட்க நா கூசியது. கேட்டுவிட்டார். "மேல ஒருத்தங்க இருக்காங்க. வழி இல்லாம ஏணியில ஏறுறாங்க. அந்தச் சுவத்தக் கொஞ்சம் எடுத்து..."

"அட, தாராளமா வந்து போகட்டுமே. ஏறும்போது மேல் வரிசைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. என்னால பதினேழு படி ஏற முடியாது."

அன்று மெருகக்கா ஏணியில் ஏறும்போது பத்தாவது கம்பியில் மூச்சு வாங்க நிற்கவில்லை. நாலு நாள். அப்புறம் செருப்பைப் படியில் கழற்றிப் போடலாம்.

திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"நானும் யோசிச்சேன். படி இருந்தாத்தானே நீ எழுதுவ? நாளைக்குக் காலையில ஆள் வருது. அடியோட இடிச்சுடறேன். ஹால் பெருசாயிடும். அப்புறம் நீ எதப் போடுவன்னு பாக்கறேன்."

மெருகக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு நாள் பொறு என்றால் போதும். படி நிற்கும், சுவர் உடையும், முட்டி பிழைக்கும். கூடவே அண்ணனுக்கும் வீடு விற்கும், கேட்ட விலைக்கு. அவர் சிரித்துக்கொண்டே மகன் வீட்டுக்குப் போவார். மகனிடம், உன் அத்தை எழுதிய விளம்பரத்தால்தான் வீடே விற்றது என்று சொல்லிச் சிரிப்பார். சொல்லாவிட்டால் இரண்டுமே போகும். செடியம்மா சொல்லாதே என்றுதான் கேட்டிருக்கிறார். வாயை மூடிக்கொள்ள நியாயமான காரணமும் கையில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குச் செடியம்மா ஞாபகம் வரவில்லை. உள்ளங்கையில் ஈர சிமெண்ட் ஒட்டியது ஞாபகம் வந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அண்ணன்.

"உன் வீடு, உன் படிண்ணா," என்றார் மெருகக்கா. "பத்திரத்துல அப்படித்தானே இருக்கு."

மறுநாள் லீவு போட்டார். கட்டிலில் உட்கார்ந்து சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டார். மேலிருந்து கீழாக இடித்தார்கள். ஒவ்வொரு படி விழும்போதும் கட்டில் கால் அதிர்ந்தது. பதினேழும் விழுந்து முடியும் வரை எண்ணினார். அழுதீர்களா என்று கேட்டதற்கு, "தூசி," என்றார். சிரித்தீர்களா என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

புதன்கிழமை செடியம்மா அளவுக் குச்சியோடும் முன்பணத்தோடும் வந்தார். அண்ணி இத்தனை நாளில் முதல்முறையாக முகம் மலர, "வாங்க வாங்க, இப்ப ஹாலு எவ்வளவு விசாலமாயிடுச்சு பாருங்க," என்றார். செடியம்மா விசாலத்தைப் பார்த்தார். சுவரில், படி இருந்த இடத்தில், கீழிருந்து மேலே வரை பல்வரிசை மாதிரி தடம் மட்டும் இருந்தது.

"படி எங்க?"

"இடிச்சுட்டோம்."

"அந்தப் படிக்காகத்தான்மா வந்தேன். அந்த விளம்பர ஆபீசம்மாகிட்ட சனிக்கிழமையே சொன்னேனே."

பணப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மெருகக்கா ஜன்னலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். அண்ணன் பின்பக்கம் வந்து ஏணிக்கு அடியில் நின்றார். ஏழு வருடத்தில் அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. உனக்கும்தானே வழி கெடச்சிருக்கும்?"

"கெடச்சிருக்கும்."

"பின்ன ஏன் சொல்லல?"

மெருகக்கா சீப்பிலிருந்து முடியை எடுத்து விரலில் சுற்றினார். "சொல்லணும்னு பத்திரத்துல எழுதலையே."

அண்ணன் ஏணியைப் பிடித்தார். இழுத்துவிடுவார் போலத்தான் இருந்தது. மெருகக்கா அசையவில்லை. அப்போது அண்ணன் கைக்கு நேராகச் சிவப்பு எழுத்துக் கண்ணில் பட்டது. ஊரான் ஏணி. அதை உடைத்தால் பெயிண்டர் கேட்பார், தெரு கேட்கும், சிரித்தது போதாதா. கையை எடுத்துவிட்டார். போகிற போக்கில் அடிக்கம்பியில் தொங்கிய செருப்பை மட்டும் தட்டிவிட்டார். ஒன்று விழுந்தது, மற்றது ஆடிக்கொண்டு நின்றது.

வீடு இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. விளம்பரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இல்லாத படியை இருப்பதாகச் சொன்னால் பொய்யாகிவிடும். இப்போது இப்படி இருக்கிறது: "மூன்று அறை, ஒரு பெரிய ஹால். ஹால் சுவரில் மாடிப்படி ஒன்றின் தடம் முழுசாக இருக்கிறது. கதவு திறந்தே இருக்கும்." பார்க்க வருகிறவர்கள் இப்போது தடத்தை எண்ணுகிறார்கள்.

அந்தத் தடத்தைப் பூசி வெள்ளையடிக்க அண்ணன் பெயிண்டரைப் பிடித்தார். பெயிண்டர் வந்து அண்ணாந்து பார்த்தார். இரண்டு மாடி உயரச் சுவர். மூங்கில் ஏணி பாதிக்குத்தான் எட்டியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். மெருகக்கா வேலை முடிந்து அப்போதுதான் ஏணிக்கு அடியில் வந்து நின்றிருந்தார்.

"அக்கா, ஏணி."

"யாருக்கு?"

"உங்க அண்ணன் வீட்டுக்குத்தான். அந்த மேல் சுவருக்கு வேற எந்த ஏணியும் எட்டாது. இந்தத் தடவ நெஜமாவே வேணும்க்கா. ஏழு வருசமாச்சு."

மெருகக்கா பையைக் குறுக்கே போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றி அடிக்கம்பியில் மாட்டினார். ஏறத் தொடங்கினார். பத்தாவது கம்பியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கீழே திரும்பிப் பார்த்தார்.

"உன் ஏணி இல்லேன்னா சொல்றேன்? ரெண்டு நாள்ல தந்துடறேன்."